வியன்னாவுக்கு ஒரு தீவனப் படிவம்

"முட்டை போடாத மாவுருண்டை வியன்னாவிலேயே ஒரே ஒரு கடையிலதான் கிடைக்குது" என்றார் அப்பா.

இன்சா கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். லைப்ஸிக் ரயில் நிலையத்துக்கு எதிரே, மதிய வெயிலில், ஒரு கடையின் வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

"நிச்சயமாத் தெரியுமாப்பா?"

"கையெழுத்தே வாங்கியிருக்கேன்."

அப்பா ஐலர்ட், வடக்கே அம்மர்லாண்டில் தொள்ளாயிரம் பன்றிகள் வளர்ப்பவர். பன்றி என்ன தின்றது என்று முப்பது வருடமாக அதிகாரிகள் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கென்று அச்சடித்த படிவம் ஒன்று வைத்திருக்கிறார். தீவனம் என்ன, யாரிடம் வாங்கியது, அதில் என்னென்ன கலந்திருக்கிறது, கீழே கையெழுத்து.

அதே படிவத்தைத்தான் வியன்னாவில் பதினான்கு உணவகங்களுக்கு ஃபேக்ஸில் அனுப்பியிருந்தார்.

எட்டுப் பேர் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும், அனுப்பியவருக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்திருந்தார். ஐந்து பேர் நிரப்பி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

'விலங்கின் எண்' என்ற கட்டத்தில் அப்பா 'மகள்' என்று எழுதி அனுப்பினாராம். படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

மே மாதம் இன்சாவுக்கு முப்பது வயது நிறைகிறது. அதற்காக அப்பாவும் மகளுமாக மூன்று நாள் பயணம். பன்றிகளை விட்டுவிட்டு அவர் வெளியூரில் இரவு தங்கப்போவது இதுதான் முதல் தடவை.

முதலில் வார்சா என்றார். அங்கே சுத்த சைவக் கடைகள் தடுக்கி விழுந்தால் ஒன்று என்று இருந்ததால், எதை விசாரிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். பிறகு கெண்ட் நகரம்.

"அங்கே வியாழக்கிழமை காய்கறி நாளாம். சரி, மத்த ஆறு நாள் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். போனை வச்சுட்டான்."

ஓட்ஸ் பாலையும் ஒரு வாரம் குடித்துப் பார்த்திருக்கிறார்.

"குதிரைக்கு வைக்கிறதைப் பிழிஞ்சு குடுக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் செய்யல. குதிரைதான் பாவம்."

வரிசை நகர்ந்தது. இன்சாவும் நகர்ந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி. ஊரே பனியில் நடந்துபோய், பரட்டைக்கீரையையும் சாசேஜையும் வயிறு முட்டத் தின்று, அதிகம் தின்றவரைக் கீரை ராஜாவாக்கும் விருந்து. அந்த வருடம் ராஜா அப்பாதான். இன்சா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இறைச்சி, பால், முட்டை எதையும் இனித் தொடமாட்டேன் என்றாள். நாற்பது பேர் முன்னால் அவரைக் கொலைகாரர் என்றாள்.

அப்பா அட்டைக் கிரீடத்தைக் கழற்றாமலே சாப்பிட்டு முடித்தார்.

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அம்மா மூலமாகத் தெரிந்தது.

இந்த பிப்ரவரியில் ஒருநாள் மதியம் அவரே அழைத்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"தேன் சாப்பிடுவியா?" என்றார்.

"மாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டே காலுக்கு அழைப்பு வருகிறது. பேச்சு முழுக்க சூப்பும் ரொட்டியும்தான். வேறு எதையும் இருவரும் தொடுவதில்லை.

இன்று அவரிடம் சொல்லிவிடுவது என்று இன்சா காலையிலேயே தீர்மானித்திருந்தாள். ஒரு மணிக்குள் அவர் விடுதிக்கு உறுதி சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போடுவது நியாயமில்லை. ஆனால் சொல்லிவிட்டால், நாளை பன்னிரண்டே காலுக்கு அழைக்க அவருக்குக் காரணம் இருக்காது.

"அவ்வளவுதான்" என்றார் அப்பா. "நீ சரின்னா விடுதிக்குச் சொல்லிடறேன். இனிமே விசாரிக்க ஒண்ணும் மிச்சமில்லை."

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

"வரலியா?"

"வர்றேம்ப்பா."

"பின்ன என்ன?"

முன்னால் இரண்டு பேர்தான் மிச்சம். இன்சா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"ஒயின்" என்றாள். "அதைத் தெளிய வைக்க மீனோட காற்றுப்பையைப் போடுவாங்க. சில இடத்துல முட்டை வெள்ளைக்கரு. விசாரிச்சீங்களா?"

மறுமுனையில் மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"மீனா? ஒயின்லயா? எந்தக் கிறுக்கனுக்கு இந்த யோசனை வந்துச்சு?" குரல் பழையபடி ஏறிவிட்டது. "ஒரு கடையில எத்தனை ஒயின் வச்சிருப்பான்?"

"முப்பது, நாப்பது இருக்கும்."

"அஞ்சு கடை." மனக்கணக்குப் போட்டார். "விடுதிக்கு இப்பவே சொல்லிடறேன். ஒயினை நாளைக்குப் பாப்போம். ஒரு நாள்ல முடியாது போலிருக்கே."

"முடியாதுப்பா."

அவர் வைத்துவிட்டார்.

இன்சாவின் முறை வந்திருந்தது. என்ன வேண்டும் என்று கடைக்காரம்மா கேட்கவில்லை. மூன்று வருடமாக ஒன்றேதான். தணலிலிருந்து பன்றி சாசேஜ் ஒன்றை எடுத்து, பிளந்த ரொட்டிக்குள் வைத்து, மேலே கடுகு விழுதை ஒரு கோடாக இழுத்துக் கொடுத்தாள்.

இன்சா ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டே, மறந்துவிடாமலிருக்கக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

விடுதித் தலையணைக்குள் இருப்பது வாத்து இறகா, கேட்கச் சொல்ல வேண்டும்.