நெற்றியில் புல்தைலம்

“எட்டி பெமிலா, கதவைச் சாத்திட்டுத் தேய்.”

மாமியார் ராஜபாய் மெல்லத்தான் சொன்னாள். சாத்தி என்ன பிரயோசனம்? புல்தைலத்தின் மணம் ஓட்டு இடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ராஜபாய்க்குத் தலையில் நீர்க்கோவை. குனிந்தால் மண்டை தெறித்தது. ஆனால் அவள் சேர்ந்திருக்கும் சபையில் மருந்து தொடக்கூடாது, ஜெபம் மட்டும்தான். தொட்டது தெரிந்தால் வருகிற ஞாயிறு திருவிருந்து கிடையாது. எல்லாரும் அப்பத்துக்கு எழுந்து போகும்போது அவள் மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருக்கணும்.

“அதுக்குச் செத்துப் போலாம்” என்றாள்.

“புல்லை வாற்றி வடிச்ச எண்ணெய்தானே மாமி. நெத்தியில போட்டா நீரை இழுக்கும், இடுப்புல போட்டா வாயு போவும்னு இரணியல் வைத்தியர் ஆசான் சொன்னாரு.”

“ஆசானா எனக்கு அப்பம் தரப் போறாரு? அழுத்தித் தேய் மக்கா.”

வெளியே பைக் நின்றது. வீட்டு ஜெபத்துக்கு ஆறு மணிக்கு வர வேண்டிய பாஸ்டர் சுந்தரராஜ் முன்னாலேயே வந்துவிட்டார். பின்னாலேயே விசுவாசிகளும்.

ராஜபாய் முந்தானையைப் புருவம் வரை இழுத்து முக்காடு போட்டாள். பெமிலா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கினாள்.

பாஸ்டர் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். “என்னம்மா, மருந்து மணக்குது?”

“மருமவளுக்குப் பாஸ்டர். பிள்ளை பெத்த உடம்பு, புல்லு போட்டு வெந்நீர்க் குளிப்பு. அவ இன்னும் பழைய சபைதானே. சொன்னா கேக்கியாளா?”

பெமிலா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எப்போதுமே நாலு பேர் முன்னால் வாய் வராது.

“புல்லை நம்புறவ புல்லு மாதிரியே வாடிப்போவா” என்றார் பாஸ்டர். எல்லாரும் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ராஜபாய் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டினாள்.

ஜெபம் தொடங்கியது. பாஸ்டர் முக்காட்டை விலக்கி ராஜபாயின் நெற்றியில் கை வைத்தார்.

கை வழுக்கியது.

ராஜபாயின் கை முந்தானையைத் தேடியது. போச்சு, அப்பம் போச்சு.

பாஸ்டர் ஒரு நொடி நிறுத்தினார். உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார். “எல்லாரும் கண்ணை இறுக்கி மூடுங்க. ஒருத்தரும் திறக்கப்பிடாது.”

பிள்ளை சிணுங்கியது. பெமிலா கண்ணைத் திறந்தாள்.

பாஸ்டர் மாமியின் நெற்றியிலிருந்து வழித்து வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு அல்லேலூயாவுக்கு வலப்பக்கம், அடுத்ததுக்கு இடப்பக்கம். மிச்சத்தைச் சட்டைக்குள் கைவிட்டு இடுப்பில் பூசினார்.

அப்போதுதான் அவரும் கண்ணைத் திறந்தார். பெமிலா பார்ப்பதைப் பார்த்தார்.

“ஆண்டவரே,” பாஸ்டரின் குரல் கூரையைத் தொட்டது, “இந்த வீட்டு மருமகளுடைய நாவைக் கட்டிப்போடும்.”