அப்பா கேட்கும் சட்டினி

ஒத்தக்கடை டிபன் கடையில் மாலை வெயில் எவர்சில்வர் வாளிகளில் பட்டுக் கூரையில் ஆடுகிறது. பேரையூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த அப்பா துண்டை மடியில் சுருட்டி வைத்திருக்கிறார். எதிரே, என்னோடு வேலை பார்க்கும் ஜாய்ஸ். "தம்பி, சட்டினியக் கொண்டா" என்கிறார் அப்பா. ஜாய்ஸ் சிரித்துவிடுகிறாள். "சட்டினி இல்ல அங்கிள், சட்னி." மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பெண். கெட்டவளும் இல்லை, அதனால்தான் கூடுதலாக எரிகிறது. சின்ன வயதில், பேரையூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அப்பா இதே சொல்லை அதட்டிக் கேட்டால், வடைத் தட்டை நோட்டம்விடும் காக்கை பறந்துபோகும். என் இலையில் சட்டினி குளமாக நிற்கும். இப்போது அவர் இட்லி காய்ந்து கிடக்கிறது. பரிமாறுகிறவர் கடக்கும்போது அப்பா "சட்னி" என்று உதட்டுக்குள் சொல்கிறார். தோசைக்கல் சீறும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவர் விரல் இலையின் ஓரத்தைச் சும்மா தடவுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எங்கப்பாவுக்குச் சட்டினி!" என்று கத்துகிறேன். பரிமாறுகிறவர் வந்து ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்கிறார். அப்பா இலையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். தொண்டையைச் செருமுகிறார். "என்னப்பா, கோழிக்குஞ்சுக்கா ஊத்துற? இம்புட்டுக்காணு சட்டினிய வச்சு நான் என்ன செய்ய? ஊத்துப்பா!" கடையே திரும்பிப் பார்க்கிறது. வாளி திரும்பி வருகிறது. நான் என் இலையையும் அப்பா பக்கம் நகர்த்துகிறேன்.