வலது பக்கத்துக் குழி

மனைவி இறந்த மூன்றாம் மாதம் லாரி ஓட்டுநர் மெத்தைக் கடைக்குப் போனார். முதுகு வலிக்கிறது, நல்ல மெத்தையாக வாங்குங்கள் என்று அவள் ஒன்பது வருடம் கேட்டிருந்தாள். அவர் தன் லாரி இருக்கைக்கு மட்டும் இரண்டு முறை மெத்தை மாற்றினார்.

“ஃபோம் சீக்கிரம் அமுங்கிடும் சார். தென்னை நார் கல்லு மாதிரி இருக்கும். இது ரப்பர் பால்ல செஞ்சது, எழுந்ததும் தானா நிமிர்ந்துக்கும். குழியே விழாது,” என்றார் கடைக்காரர்.

அதையே வாங்கினார். மறுநாள் காலை, அவர் படுத்த இடது பக்கம் உடனே நிமிர்ந்துவிட்டது. வலது பக்கத்தில் ஓர் ஆள் மல்லாந்து படுத்த அளவுக்குக் குழி இருந்தது. தட்டிப் பார்த்தார்; நிமிரவில்லை.

கடைக்காரர் வீட்டுக்கே வந்து அழுத்திப் பார்த்தார். “சரக்குல குறை இல்லையே சார். இந்தப் பக்கம் யாரு படுக்கறாங்க?”

 மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதற்கு ஓட்டுநர் வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று படுக்கப் போகும்போது குழியைப் பார்த்து, “அப்பவே வாங்கியிருக்கணும். என் தப்புதான். இப்பவாவது வலி இல்லாம இருக்கா?” என்று கேட்டார்.

விடிந்தபோது குழியின் வடிவம் மாறியிருந்தது. முழங்காலை மடக்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்த ஒருவரின் குழி அது.