இருசப்பன் ஒத்துக்கொண்ட தப்பு

இருசப்பனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று நான் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் கை வெச்ச எடத்துல இன்னொருத்தன் கை வெக்க வேல இருக்காதுண்ணா" என்பான். ரேடியோ, மிக்ஸி, கரும்புக்குத் தண்ணி இறைக்கிற மோட்டார், ரிப்பேருக்கு எதைத் தொட்டாலும் இதே பேச்சுதான். அரியூரிலிருந்து சைக்கிளில் வருவான். வில்லியனூர் கடைத்தெருவே அவனுக்கு வழிவிட வேண்டும்.

அப்பேர்ப்பட்டவன் மானம் எண்பத்தாறு விஜயதசமி அன்று கப்பலேறியது. எனக்கு, உள்ளதைச் சொல்கிறேனே, உள்ளூரக் குஷிதான்.

என் சோடாக் கடைக்கு அடுத்த கடை ஏகநாதனின் ஃபேன்சி ஸ்டோர், பின்கட்டிலேயே வீடு. புதுச்சேரியில் யாரோ கழித்துக்கட்டிய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். பீரோ உயரம் இருக்கும். காசு போட்டால் உள்ளே ராக்கெட் பறக்கும். அதைச் சரிபண்ணி மாட்டிக் கொடுத்தவன் இருசப்பன்.

ஆயுத பூஜைக்காக முதல் நாள் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால், கல்லு மாதிரி நிற்கிறது! லீவு நாள், வாசலில் கூட்டம்.

ஏகநாதனின் அம்மா கோகிலாம்பாள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ வந்து நாப்பது நாள் ஆவல. மொத வாரமே பசு செத்துச்சு. இப்ப நேத்து பூஜ போட்ட பொட்டி நின்னுபோச்சு. ராசி கெட்டவடா இவ!"

விஜயகுமாரி காட்டேரிக்குப்பத்துப் பெண், பத்தொன்பது வயசு. தலையைக் குனிந்துகொண்டு அழுதது.

அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை ஏகநாதன். "துணிமணிய எடுத்து வெச்சிக்க. சாயந்தரம் பஸ்ல உங்கப்பன் வூட்ல வுட்டுடறேன்" என்றான்.

பாவி, நடுக்கடையில் நின்று சொன்னான்.

இருசப்பன் வந்து இறங்கும்போது பெண்ணின் துணிப்பை வாசல்படிக்கு வந்துவிட்டது. அவன் பையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான்.

பிளக்கில் டெஸ்டரை வைத்தான். கரண்ட் இருக்கிறது. ஒயரைத் தடவிப் பார்த்தான், சுவிட்சைக் கழற்றி மாட்டினான். பெட்டி அசையவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவன் ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை.

"இன்னாய்யா, தூங்கிட்டியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளே மாட்டினான். சுவிட்சைப் போட்டான். குய்ங் என்று ஒரு சத்தம், திரை பளிச்சென்றது. பையன்கள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கோகிலாம்பாள் முகம் மட்டும் இளகவில்லை.

"இதுல இன்னா கோளாறு இருந்துச்சு, அத சொல்லு. ஒரு கோளாறும் இல்லாம நின்னுதுன்னா அது இவ ராசிதான். இன்னிக்கி ஓடும், நாளைக்கி நிக்கும். பஸ்ஸு நாலரைக்குடா ஏகநாதா."

இருசப்பன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"கோளாறு என்னுதுதாம்மா. மாட்டுன அன்னிக்கி ஃபியூஸ சரியா சொருகல. லூசா வுட்டுட்டேன். ஆட்டம் கண்டு கண்டு நின்னுடுச்சு. இதுல யார் ராசியும் இல்ல. என் கவனக்கொறவு."

இருசப்பன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா!

ஏகநாதனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு ஃபியூஸு மாட்டத் தெரியல, நீயெல்லாம் மெக்கானிக்கா? ஊரு முன்னாடி மானத்த வாங்கிட்டியேய்யா. எங்க மாமா ரைஸ் மில்லுப் பக்கம் இனிமே தலைய காட்டாத. மோட்டாருக்கு வேற ஆளு பாத்துக்கறோம்."

"சரிங்க மொதலாளி."

"பேச்சு மட்டும் பெருசா பேசுனியே" என்று நானும் என் பங்குக்குப் போட்டேன். அதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டினான்.

கோகிலாம்பாள் அரை மனசாக முனகினாள். "நின்னுகிட்டே இருந்தா எப்டி? பைய எடுத்து உள்ள வெச்சிட்டு உலய வெய்யி, போ."

விஜயகுமாரி பையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. அந்தக் கண்ணில் வந்த உயிரை நான் பார்த்தேன்.

இருசப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடையைத் தாண்டினான். எனக்கு என்னவோ உறுத்தியது. கோலி சோடா ஒன்றை உடைத்து நீட்டினேன்.

"யோவ், நீ அன்னிக்கி மாட்டும்போது நான் பக்கத்துலதான நின்னேன். சொருகிட்டு ரெண்டு தபா இழுத்து வேற பாத்தியே. எப்டிய்யா லூசாச்சு?"

அவன் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பழைய ஃபியூஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சுண்டு விரல் அளவு கண்ணாடிக் குழாய். கரண்ட் பாய வேண்டிய இரண்டு முனையிலும் சந்தனம் அப்பிக் காய்ந்து கிடந்தது. சந்தனத்துக்கு மேலே அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

"எல்லாத்துக்கும் பொட்டு வைன்னு மாமியாக்காரம்மா சொல்லியிருப்பாங்க" என்றான் இருசப்பன். "அந்தப் பொண்ணு எல்லாத்தியும் கழட்டித் தொடச்சி பொட்டு வெச்சிருக்கு. வெளிய சொல்லிடாதண்ணா."