சுவரிலிருந்து வரும் குரல்

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். பிந்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். துடியலூரில் பூட்டிக் கிடக்கும் அவள் வீட்டுக் கூடம், சுவர்க் கேமரா வழியே மங்கலாகத் தெரிகிறது. ஜன்னல் வெயில் தரையில் ஒரு துண்டாகக் கிடக்கிறது. காலையில் வைத்துவிட்டு வந்த பால்சோறு ஆடை கட்டிப்போயிருக்கிறது. நேற்றும் அது இப்படியேதான் மிஞ்சியது. இரண்டு மாத நாய்க்குட்டி அப்பு, கதவோரம் அவள் செருப்பின் மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறது. "அப்புக் கண்ணு, சோறு உண்ணு சாமி. அம்மா வந்தர்றேன்." கேமராவிலிருந்து அவள் குரல் கேட்டதும் குட்டி துள்ளி எழுகிறது. வாலாட்டியபடி கதவைப் பிறாண்டுகிறது. சோபாவுக்கு அடியில் தேடுகிறது, திரைச்சீலைக்குப் பின்னால் தேடுகிறது. அவள் எங்கும் இல்லை. நடுக்கூடத்தில் நின்று மெலிதாக அழத் தொடங்குகிறது. "பேசாதீங்கக்கா," என்கிறாள் பக்கத்து நாற்காலி இளவேனில். "நீங்க பேசப் பேசத்தானுங்க அது ஏங்கிப்போகுது." மெல்ல மெல்ல அழுகை ஓய்கிறது. குட்டி சோற்றைத் தாண்டிப் போய், கேமராவுக்கு நேர் கீழே உட்கார்ந்து, சுவரை அண்ணாந்து பார்க்கிறது. திரை முழுக்க அந்தக் கண்கள். இன்னொரு சொல் வந்துவிடாமல் பிந்து வாயைப் பொத்திக்கொள்கிறாள்.