மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டா அவர் என்ன நெனைப்பார்?"

மாமியார் இதை அடுப்படியிலிருந்துதான் சொன்னாள். ஆனால் ஹாலில் இருந்த மாப்பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பது உண்மை. அங்கே அவர் வேலை, யார் யாருக்கு எவ்வளவு லீவு மிச்சம் என்று பார்ப்பது. கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் மானம் கப்பலேறிவிடும்.

கம்ப்யூட்டர் மச்சினியுடையது. ஒரு கடையின் உட்புறத்தை எப்படி அமைக்கலாம் என்று வரைந்து இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் அவளுக்கு வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எல்லாம் வரைந்தாயிற்று. படத்தைத் திறந்தால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடி, இருட்டிவிடுகிறது.

அவளே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அவர் இருக்கும்போது நீ கை வெச்சா அவருக்கு மரியாதையா இருக்குமாடி?" என்று அம்மா பிடுங்கி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டாள். மச்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை மவுஸை மாற்றிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் இருந்த ஒயரை ஆட்டிப் பார்த்தார். அணைத்துப் போட்டார், மறுபடியும் அணைத்துப் போட்டார். கோடு ஓடும் திரையை யாருக்கும் தெரியாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று பாத்ரூமுக்குள் புகுந்தார்.

கம்ப்யூட்டர் கோளாறுகளுக்கு வழி சொல்லும் பெரிய குழு ஒன்று அவர் போனில் இருந்தது. போட்டோவைப் போட்டு உதவி கேட்டார். கூடவே, 'மச்சினிக்கு ஒன்றும் தெரியாது, கேம் விளையாடியே கெடுத்து வைத்திருக்கிறாள்' என்று ஒரு வரி சேர்த்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அடுத்தவர் மேல் பழியைப் போட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பூனைப் படம் வைத்திருந்த யாரோ உடனே பதில் போட்டார்கள். 'கிராஃபிக்ஸ் கார்டு சரியா உக்காராம இருக்கலாம். திரையில படம் வர வைக்கிறது அதுதான். கழட்டி, ஓரத்தை அழிரப்பரால துடைச்சு மறுபடி மாட்டிப் பாருங்க.'

மாப்பிள்ளை வேறு நடையில் வெளியே வந்தார். கிராஃபிக்ஸ் கார்டுதான் பிரச்சினை, பார்த்ததுமே சந்தேகப்பட்டேன் என்றார். மாமியார் மாமனாரைப் பெருமையாகப் பார்த்தாள். மாமனார் தலையை ஆட்டி வைத்தார்.

"போனைக் கீழ வெச்சுட்டு இங்க பாரும்மா. நாலு விஷயம் கத்துக்கலாம்."

"சரி அத்தான்" என்றாள் மச்சினி. போன் கீழே போகவில்லை.

மூடியைக் கழற்றி அவர் கையை உள்ளே விடப் போனார். மச்சினி எழுந்து ஓடிவந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். வேலை நடக்கும்போது குறுக்கே வரக்கூடாது என்று அவளுக்கு ஒரு டோஸ் விழுந்தது.

உள்ளே பார்த்தால் எல்லாமே கார்டு மாதிரிதான் இருந்தது. நீளமாக, மெல்லிசாக இருந்த ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பாத்ரூமுக்குப் போனார். அதையும் போட்டோ எடுத்து, 'இதுதானா?' என்று கேட்டார்.

'அது மெமரிங்க. எடுத்த இடத்துலயே வெச்சு அழுத்திடுங்க. ஃபேன் வெச்சுப் பெரிசா இருக்கிறதுதான் கார்டு. ஸ்க்ரூவைக் கழட்டிட்டு, கீழ இருக்கிற கொக்கியை அழுத்தினா தானா வரும். பலமா இழுத்துடாதீங்க.'

என்ன ஒரு பொறுமை என்று மாப்பிள்ளைக்கு நெகிழ்ந்துவிட்டது. வெளியே மாமியார் வெந்நீரோடு காத்திருந்தாள். வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சொன்னபடி நடந்தது. கொக்கியை அழுத்தினார், கார்டு வந்தது. ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, ஓரத்து மஞ்சள் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மறுபடியும் உள்ளே வைத்து அழுத்தினார். பிளக்கைச் சொருகினார்கள்.

படத்தைத் திறந்ததும் திரையில் கடை முழுசாக நின்றது. ஒரு கோடு இல்லை. மச்சினி ஒரு பெருமூச்சு விட்டாள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது, இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றாள்.

"இதெல்லாம் அனுபவத்துல வர்றது அத்தை. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியுதோ இல்லையோ, கேட்டுத் தெரிஞ்சுக்கக்கூடத் தோணாது. கேட்டா கௌரவம் குறைஞ்சு போகும்னு நெனைப்பு."

"ஆமா அத்தான்" என்று சொல்லிவிட்டு மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை நன்றி கெட்டவர் இல்லை. திரும்பவும் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பூனைப் படத்துக்கு எழுதினார். 'ரொம்ப நன்றிங்க. நீங்க யாருன்னுகூடத் தெரியாது. உங்க அறிவுல பாதி இந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு இருந்தா நான் இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.'

சற்று நேரத்தில் பதில் வந்தது.

'பரவாயில்ல அத்தான், படத்தை அனுப்பிட்டேன். சீக்கிரம் வெளிய வாங்க, அப்பா ரொம்ப நேரமா பாத்ரூம் வாசல்ல நிக்கிறார்.'