வாங்க ஆளில்லாத மாத்திரை

கல்லூரி படிக்கும்போது தம்பி தேவசகாயத்துக்கு மனச்சிதைவு வந்தது. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று அவன் அழுததைப் பார்த்துத்தான் ஜெசிந்தா மரபணு ஆராய்ச்சிக்குப் போனாள். அந்த நோய் வருமா என்பதைக் கருவிலேயே சொல்லிவிடும் சோதனையை அவள்தான் கண்டுபிடித்தாள். அது வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போதெல்லாம் அந்தச் சோதனை செய்யாமல் யாரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை. பேராசிரியை ஜெசிந்தாவும் ஓய்வுபெற்று, பாளையங்கோட்டை வீட்டில் தம்பியோடு இருந்தாள்.

ஒருநாள் தம்பி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டபோது மருந்துக்கடைக்காரர் கையை விரித்தார்.

“அந்த மாத்திரைய கம்பெனியே நிறுத்திட்டாங்கம்மா. புதுசா யாருக்கும் அந்தச் சீக்கு வர்றதில்லயாம். வாங்க ஆளில்லங்கான்.”

“என் தம்பி இருக்கானே!”

“மிச்சம் இருக்கது ஊருக்கு நாலஞ்சு பேருதான். அவுகளுக்காக எவன்மா மெஷினை ஓட்டுவான்?”

ஜெசிந்தா தனக்குத் தெரிந்த மருத்துவர்களிடமெல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். வேறு எந்த மருந்தும் தேவசகாயத்தின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த மாத்திரைகள் தீர்ந்த சில வாரங்களில் அவன் தூக்கம் போனது, சாப்பாடு போனது. ஒரு காலையில் காதுகளைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு வந்து நின்றான்.

“மறுபடியும் பேசுதாங்கக்கா.”

“என்னடா சொல்லுதாங்க?”

“நான் பொறந்திருக்கவே கூடாதாம்.”

அப்படியெல்லாம் இல்லடா என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணீர்தான் வந்தது. தேவசகாயம் காதிலிருந்து கையை எடுத்து, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டான்.

“உனக்கும் கேக்குதாக்கா?” என்றான்.